கேட்லாக்கில் இருக்கிறது, ரேக்கில் இல்லை: பல்கலைக்கழக நூலகத்தில் அடிக்கடி வரும் கோளாறுகள்

நூலக உதவி மேசையில் சில வருடம் உட்கார்ந்தால், ஆள் நடந்து வரும்போதே கேள்வி தெரிந்துவிடும். துண்டுச்சீட்டோடு மூச்சு வாங்க வருகிறவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வருகிறவரிடம் கட்டுரை காசு கேட்டிருக்கிறது. அட்டையை ஆட்டிக்கொண்டு வருகிறவருக்குப் படிப்பறைக் கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப இதே கோளாறுகள், கிட்டத்தட்ட இதே மருந்துகள். அறிகுறி வாரியாக எழுதி வைத்தால் பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறி இறங்கும் வேலை மிச்சமாகும் என்று தோன்றியது.

எந்தப் பகுதிக்குப் போகும் முன்பும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கோளாறு உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? பிரவுசரில் தனிமறை ஜன்னல் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து அதே வேலையைச் செய்யுங்கள். பிறகு வைஃபையை அணைத்து போன் டேட்டாவில் செய்யுங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடமும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். அவருக்கும் வரவில்லை என்றால் உங்கள் கருவியை நோண்டுவதில் பயனில்லை. கடைசிப் பகுதிக்குப் போய், புகார் எழுதும் முறையைப் பாருங்கள்.

## "கிடைக்கும்" என்று காட்டுகிறது, ரேக்கில் புத்தகம் இல்லை

### பார்த்தது சரியான ரேக்தானா?

"கிடைக்கும்" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடுகிறோம். அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இடத்தின் பெயர் இருக்கும்: துறை நூலகம், குறிப்புதவிப் பகுதி, பாடநூல் ஒதுக்கீடு, பெரிய அளவு நூல்கள், சேமிப்பறை. மூன்றாம் மாடியில் அரை மணி நேரம் தேடிய புத்தகம் எங்கள் கவுன்டருக்குப் பின்னால், சில மணி நேர இரவலுக்காக, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கதை அடிக்கடி நடக்கும். ஓவியம், நிலப்படம், கட்டடக்கலை நூல்கள் என்றால் உயரம் போதாமல் தனி ரேக்குக்குப் போயிருக்கலாம்.

### ரேக் சரி என்றால், எண்ணைப் படித்த விதம்?

நூல்களைப் பொருள் வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி முறை நூலகங்களில் மிக அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. தமிழ்க் கவிதை 894.8111. தமிழ் நாவல், சிறுகதை 894.8113. மலையாள இலக்கியம் 894.812. இப்போது 894.8113 எங்கே இருக்கும்? எட்டாயிரத்துச் சொச்சம் எண்ணூற்றுச் சொச்சத்தைவிடப் பெரிது என்று நினைத்து மலையாளத்தைத் தாண்டிப் போய்த் தேடுகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம். ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும்: 811-ஐ முடித்து, 8111, 8113 எல்லாம் வந்த பிறகுதான் 812 வரும். தமிழ் நாவல்கள் மலையாளத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறை என்றால் இன்னொரு குழப்பம். ஆங்கில எழுத்தை ஒட்டி வரும் எண் முழு எண். ஆகவே 475 முன்னால், 4758 வெகு தூரம் தள்ளிப் பின்னால். ஆனால் அதற்கு அடுத்து எழுத்தும் எண்ணுமாக வரும் துண்டு தசமம். அங்கே ஏ45 முன்னால், ஏ5 பின்னால். ஒரே முதுகுச் சீட்டில் இரண்டு கணக்கு. பழகும்வரை எண்ணை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

### எண்ணும் சரி, இன்னும் இல்லை என்றால்

கையை உள்ளே விட்டு, வரிசைக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா பாருங்கள். மெல்லிய நூல்கள் இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவே உள்வாங்கிவிடும். பிறகு மேல் தட்டு, கீழ்த் தட்டு. அடுக்குகிறவர் இலக்கத்தை மாற்றிப் படித்திருக்கலாம். 579 இருக்க வேண்டியது 597-க்குப் போயிருக்கும். மாற்றிப் போட்ட அந்த எண்ணையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அப்படியே அந்த மாடியில் உள்ள தள்ளுவண்டிகள், நகலெடுக்கும் எந்திரத்தின் மேல்தட்டு, ஜன்னலோர மேசைகள். திரும்பி வந்த புத்தகம் கணினியில் "கிடைக்கும்" என்று மாறுவது ஒரு நொடியில். வண்டியில் ஏறி ரேக்குக்குப் போய்ச் சேர ஒரு நாளும் ஆகலாம், பரீட்சைக் காலத்தில் இரண்டு நாளும் ஆகலாம்.

### எப்போது எங்களிடம் வர வேண்டும்

பத்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். கவுன்டரில் "தேடித் தாருங்கள்" என்று ஒரு கோரிக்கை பதிந்துவிடுங்கள். வெறுமனே "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பதிவு அப்படியே "கிடைக்கும்" என்றே நிற்கும். அடுத்த மாதம் இன்னொருவர் இதே மாடியில் அலைவார். கோரிக்கை பதிந்தால்தான் அது காணாமற்போன நூல் பட்டியலுக்குப் போகும், மறுபடி வாங்குவதற்கும் வழி பிறக்கும். அவசரம் என்றால் அதே நேரத்தில் பிற நூலகத்திலிருந்து இரவல் பெறவும் விண்ணப்பித்துவிடலாம். அதற்கு நாள் பிடிக்கும், சில இடங்களில் கட்டணமும் உண்டு. அதனால்தான் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## தமிழ்ப் புத்தகத்தைத் தேடினால் "முடிவுகள் இல்லை"

இந்தப் பகுதி நீளமாக இருக்கும். புத்தகம் இருந்தும் இல்லை என்று நம்பித் திரும்பிப் போகிறவர்கள் தமிழ்ப் பிரிவில்தான் அதிகம், மற்ற மொழிக்காரர்களுக்கு இந்த அளவு இல்லை.

### தமிழ் எழுத்தில் தேடினீர்களா?

முதலில், தேடுசொல்லைக் குறையுங்கள். முழுத் தலைப்பும் வேண்டாம். தலைப்பிலேயே அரிதான ஒரு சொல் போதும். பதிவு செய்தவர் "தமிழ் இலக்கிய வரலாறு" என்று பிரித்திருப்பாரா, "தமிழிலக்கிய வரலாறு" என்று சேர்த்திருப்பாரா என்று உங்களுக்குத் தெரியாது. ஒற்று மிகுந்ததா, மிகவில்லையா என்பதும் தெரியாது.

நட்சத்திரக் குறி போட்டு மிச்சத்தைக் கேட்லாக்கிடம் விடுகிறவர்கள் கவனிக்க: "தமிழ்" என்று புள்ளியோடு எழுதி நட்சத்திரம் போட்டால் "தமிழின்", "தமிழர்", "தமிழில்" எதுவும் அகப்படாது. கணினிக்கு "தமிழ்" என்பதில் கடைசியில் இருப்பது புள்ளி. "தமிழின்" என்பதில் அந்த இடத்தில் இருப்பது இகரக் குறி. ஆகவே புள்ளியை எடுத்துவிட்டு "தமிழ" என்று எழுதி, நட்சத்திரம் போடுங்கள். எல்லாம் வரும். எந்த மெய்யில் முடியும் சொல்லுக்கும் இதே தந்திரம்.

அதுவும் சரிவரவில்லை என்றால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகளைச் சந்தேகியுங்கள். "பௌத்தம்" என்ற சொல்லைப் பலர் ஒற்றைக்கொம்பு, ப, அதன் பின் தனி ளகரம் என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் "பெளத்தம்" என்றுதான் தெரியும், உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. பதிவு செய்தவரும் அப்படி அடித்திருக்கலாம், நீங்களும் அடித்திருக்கலாம். இரண்டு விதமாகவும் தேடுங்கள். கௌதமர், சௌந்தர, மௌனி, யௌவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "ஸ்ரீ" இன்னொரு வில்லங்கம்: அதை இரண்டு வேறு குறிகளில் அடிக்கலாம், இரண்டும் திரையில் ஒரே உருவம்தான். ஸ்ரீ வரும் தலைப்பு என்றால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு அடுத்த சொல்லால் தேடுவது நல்லது.

### தமிழ் எழுத்தில் சரியாகத் தேடியும் இல்லை என்றால்

பல நூலகங்களில் தமிழ் நூல்களின் பதிவு ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கும், குறிப்பாகப் பழைய பதிவுகள். அங்கே தமிழ் எழுத்தில் எவ்வளவு தேடினாலும் பூச்சியம்தான். ரோமனுக்கு மாறுங்கள். ஆனால் போனில் நண்பருக்குத் தட்டுகிற தமிங்கிலம் எடுபடாது. நூலகங்களின் எழுத்துப்பெயர்ப்பு ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கும். ஒரு தமிழ் எழுத்துக்கு எப்போதும் ஒரே ரோமன் எழுத்து.

அடிக்கடி கைகொடுக்கும் விதிகள் சில. சகரம் எங்கே வந்தாலும் சி என்ற எழுத்து, எஸ் வராது. சிலப்பதிகாரம், சங்கம், சுப்பிரமணியம் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தகரத்தோடு எச் சேராது. திருக்குறளின் இரண்டாம் எழுத்து ஐ. ககரம் எப்போதும் கே. குறுந்தொகையில் "கை" மென்மையாக ஒலிக்கிறதே என்று ஜி போட்டால் கிடைக்காது. நூலகம் என்ற சொல்லிலேயே ஜி கிடையாது. டகரத்துக்கு டீச்சரின் டி, டாக்டரின் டி அல்ல. ஆகவே நாலடியாரில் வருவதும் டீச்சர்தான். பகரத்துக்குப் பேப்பரின் பி, பஸ்ஸின் பி அல்ல. ழகரத்துக்கு இசட்டும் எச்சும் வேண்டாம், எல் ஒன்றே போதும். அதற்கு அடியில் ஒரு கோடு இருக்கும், தேடும்போது அந்தக் கோட்டைப் பெரும்பாலான கேட்லாக்குகள் கண்டுகொள்வதில்லை. நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்காதீர்கள்; புறநானூற்றில் ஓ இரண்டு தடவை வராது, மேலே கோடு போட்ட ஒரே யு.

ஒரு மாணவி முழுக் காலையும் "தமிழ்ப் பகுதியே இல்லை இங்கே" என்று நம்பிக்கொண்டிருந்தார். எஸ்ஸை அழித்து சி போட்டதும் சிலப்பதிகாரப் பதிப்புகள் ஒரு பக்கம் நிறைய வந்தன. அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. நியாயமான கோபம்.

### ஆசிரியர் பெயரில் தேடுகிறீர்கள் என்றால்

தலைப்பெழுத்தை விட்டுவிடுங்கள். "உ.வே.சா." என்று அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. "சாமிநாதையர்" என்று தேடுங்கள். பிறகு "சாமிநாத ஐயர்", "சுவாமிநாதையர்" என்று மாற்றிப் பாருங்கள். ஒரு பதிவு கிடைத்துவிட்டால் அதிலுள்ள ஆசிரியர் பெயரின் மேல் சொடுக்குங்கள். அவர் பெயரில் நூலகம் ஏற்றுக்கொண்ட ஒரே வடிவத்தின் கீழ் தொகுத்த மற்ற நூல்களும் வரிசையாக வரும். பெயரோடு 1855–1942 என்று பிறப்பு, இறப்பு ஆண்டும் இருந்தால் அதே பெயருள்ள வேறொருவரோடு குழம்பவும் வேண்டியதில்லை.

### இவ்வளவுக்குப் பிறகும் இல்லை

இனி இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். இரவல் கோருவதற்கு முன் மதுரைத் திட்டம், நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றைப் பாருங்கள். பதிப்புரிமை முடிந்த பழைய நூல் என்றால் அங்கே கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இலங்கைத் தமிழர் தொடர்பான நூல், இதழ் என்றால் நூலகம் திட்டத்திலிருந்தே தொடங்கலாம். அங்கும் இல்லாவிட்டால் எங்கள் தமிழ்ப் பிரிவு நூலகரைக் கேளுங்கள். நீங்கள் முயன்ற எழுத்துக்கூட்டல்களையும் எழுதிக் கொடுங்கள்; பதிவில்தான் பிழை என்றால் திருத்த அது உதவும்.

## கட்டுரையைத் திறந்தால் காசு கேட்கிறது

எங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்கும்போது நீங்கள் காசு கட்டவே கட்டாதீர்கள். பதிப்பகத்துக்கு நீங்கள் யார் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலான தளங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, நீங்கள் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்று பார்க்கும்.

### வளாகத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால்

போன் டேட்டாவில் இருக்கிறீர்களா பாருங்கள். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் டேட்டாவில் போனால் நீங்கள் வெளியாள். சொந்தமாக விபிஎன் செயலி ஏதாவது ஓடுகிறதா? அதை நிறுத்துங்கள். விருந்தினர் வைஃபையில் மாட்டியிருக்கிறீர்களா? பல இடங்களில் விருந்தினர் இணைப்புக்குச் சந்தா செல்லாது.

### வீட்டில் இருக்கிறீர்கள் என்றால்

கூகுளில் தேடி நேராகப் பதிப்பகத் தளத்துக்குப் போயிருப்பீர்கள். திரும்பி வந்து, நூலகத் தளத்திலிருந்து அதே இதழுக்குப் போங்கள். இடையில் லாகின் கேட்கும், அதுதான் கடவுச்சீட்டு. இதற்கு அலுப்பாக இருந்தால் கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் நூலக இணைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தை அங்கே சேர்த்துவிட்டால் தேடல் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே நூலக வழி தெரியும். ஐந்து நூலகங்கள்வரை சேர்க்கலாம். பதிப்பகத் தளத்திலேயே "நிறுவனம் வழியாக உள்நுழை" என்ற இணைப்பு இருந்தாலும் அதே வேலைதான்.

### வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறீர்கள் என்றால்

பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபையில் சொந்த ஊர் லாகினைப் போட்டு இணைந்துவிடுவீர்கள். இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் கட்டுரை வராது. காரணம், அங்கே உங்கள் இணைய முகவரி விருந்தளிக்கும் பல்கலைக்கழகத்துடையது. அவர்கள் சந்தா கட்டியவைதான் தெரியும். சில நேரம் நம்மிடம் இல்லாதது அங்கே திறக்கும், அதுவும் இதனால்தான். உங்கள் நூலகத்தின் சந்தா வேண்டுமானால் வீட்டிலிருந்து நுழைவதுபோலவே நூலகத் தளம் வழியாகப் போங்கள்.

### வழி சரி, ஆனாலும் காசு கேட்கிறது

கட்டுரையின் ஆண்டைப் பாருங்கள். "முழு உரை உண்டு" என்ற வரிக்குப் பக்கத்தில் எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை என்று இருக்கும். சில தொகுப்புகளில் கடைசி 12 மாத இதழ்கள் வராது. ஜேஸ்டோர் போன்ற சேமிப்பகத்தில் பல இதழ்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு இடைவெளி இருக்கும், ஆண்டு மாற மாற அதுவும் நகரும். போன வாரம் வந்த கட்டுரையை அங்கே தேடுவது வீண். அதே இதழ் வேறொரு தொகுப்பில் இருக்கிறதா என்று நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் பாருங்கள்.

எங்குமே இல்லை என்றால் அன்பேவால் நீட்டிப்பைப் பிரவுசரில் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் சட்டப்படி பொதுவில் வைத்த பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்சைவ், மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல். கட்டுரையாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்பதும் நல்ல வழி. தங்கள் கட்டுரையை ஒருவர் கேட்டு வாங்கிப் படிப்பது பலருக்குச் சந்தோஷம். இதெல்லாம் முடிந்த பிறகு எங்களிடம் ஆவண விநியோகம், அதாவது கட்டுரையின் பிரதியை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் சேவை, கேளுங்கள்.

## லாகின் சுற்றிச் சுற்றி வருகிறது

பிழைச் செய்தியை மூடிவிடாதீர்கள், அதைப் படிப்பதுதான் பாதி வைத்தியம்.

"கோரிக்கை காலாவதி" என்ற மாதிரி வருகிறதா? லாகின் பக்கத்தையே புக்மார்க் செய்து வைத்திருப்பீர்கள், அல்லது பின்செல் அம்பை அழுத்தியிருப்பீர்கள். அந்தப் பக்கம் ஒரே தடவைக்கானது. புக்மார்க்கை அழித்துவிட்டு, போக வேண்டிய தளத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

லாகின் முடிந்து மறுபடி லாகினே வருகிறதா? காரணம் குக்கி, அதாவது தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. தனிமறை ஜன்னலில் வேலை செய்தால் அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழியுங்கள். விளம்பரத் தடுப்பானையும் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள்.

ஆறு இலக்கக் குறியீட்டை ஏற்கவில்லையா? போன் கடிகாரத்தைப் பாருங்கள். அந்தச் செயலிகளின் குறியீடு பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை மாறுகிறது, கணக்கு முழுவதும் நேரத்தை வைத்துத்தான். நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு சரி, கணக்கு பூட்டப்பட்டது என்கிறதா? போன வாரம் பாஸ்வேர்டு மாற்றினீர்களா? பையில் கிடக்கும் பழைய டேப்லெட் பழைய பாஸ்வேர்டோடு வைஃபையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அது தட்டத் தட்ட இங்கே பூட்டு விழும். எல்லாக் கருவிகளிலும் அந்த வைஃபையை மறக்கச் செய்து, புதிதாக இணையுங்கள்.

ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி, "நிர்வாகி முதலில் அனுமதிக்க வேண்டும்" என்று வருகிறதா? வெளியிலிருந்து வருகிறவர்களைப் பதிப்பகத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நூலக மென்பொருளான ஈஸிப்ராக்ஸி காட்டுகிற பக்கம் இது. பதிப்பகம் தன் முகவரியை மாற்றியிருக்கும், எங்கள் பட்டியலில் அது இல்லை. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்புங்கள்; எங்களுக்குச் சின்ன வேலை, யாராவது சொன்னால்தான் தெரியும்.

படிப்பு முடிந்து, அல்லது பதிவைப் புதுப்பிக்காமல் விட்டு, கணக்கே காலாவதியாகியிருந்தால் நூலகத்தில் தீர்வில்லை. பதிவாளர் அலுவலகம்தான்.

## லிங்க் திறக்கவில்லை, நண்பருக்கு அனுப்பினாலும் திறக்கவில்லை

டிஓஐ (கட்டுரைக்குக் கொடுக்கும் நிலையான அடையாள எண்) என்றால் 10 என்ற எண்ணில் தொடங்குகிறதா, கடைசியில் வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். மேற்கோள் பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது அந்தப் புள்ளிதான் பெரும்பாலும் வில்லன். வரி மடிந்த இடத்தில் ஒரு கோடோ இடைவெளியோ புகுந்திருக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு டிஓஐக்குக் கிடையாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் "காணவில்லை" என்றால், தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மிகப் புதிய கட்டுரையில் எண் அச்சாகியிருக்கும், பதிவு இன்னும் உயிர்பெற்றிருக்காது.

நண்பருக்கு அனுப்பும்போது முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுக்காதீர்கள். நூலகம் வழியாகப் போயிருந்தால் பதிப்பகத்தின் பெயரில் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடுகளும், பின்னால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கும். வேறு பல்கலைக்கழகத்தவருக்கு அது பூட்டிய கதவு. டிஓஐயை அனுப்புங்கள்.

## மின்னூல் திறக்க மறுக்கிறது

"வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று வந்தால் உண்மையாகவே அப்படித்தான். பல மின்னூல்களை ஒரே நேரத்தில் ஒருவரோ மூவரோதான் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு வாங்குகிறோம். முந்தைய ஆள் ஜன்னலை மூடிவிட்டுப் போனால்கூடச் சில நிமிடம் அவர் பெயரில் இருக்கும். படித்து முடித்தால் "வெளியேறு" பொத்தானை அழுத்துங்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரே பாடநூலுக்கு வகுப்பே வரிசையில் நிற்கிறது என்றால் ஆசிரியர் வழியாகச் சொல்லுங்கள், உரிமத்தைக் கூட்டி வாங்கச் சில நேரம் முடியும்.

இறக்கிய கோப்பு ஒன்றிரண்டு கிலோபைட்தான் இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது நூல் அல்ல, டிக்கெட். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் செயலியில் அந்தக் கோப்பைத் திறந்தால் அதுவே போய் நூலைக் கொண்டுவரும். தவணை முடிந்ததும் நூல் பூட்டிக்கொள்ளும், அபராதமெல்லாம் வராது.

## தமிழ் பிடிஎஃப்பில் சொல்லைத் தேட முடியவில்லை, அச்சடித்தால் கட்டம் கட்டமாக வருகிறது

ஒரு வரியைத் தேர்வு செய்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். வரவே இல்லை என்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ரகரமும் காலும் இடம் மாறும், ஒரு தடவை படித்துச் சரிபார்க்க வேண்டும். 1978-க்கு முன் அச்சான நூல் என்றால் பிழை கூடும். பழைய வடிவ ணை, லை, றா போன்ற எழுத்துகளில் இந்த மென்பொருள்கள் திணறும்.

ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கந்தல்கோலமாக வருகிறதா? யுனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருவிலோ, தாப், திஸ்கி மாதிரிக் குறியேற்றத்திலோ செய்த கோப்பு. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எந்த எழுத்துரு என்பது பிடிஎஃப்பின் பண்புகள் பகுதியில் தெரியும்.

அச்சில் மட்டும் கட்டம் வருகிறது, திரையில் நன்றாக இருக்கிறது என்றால் அக்ரோபேட்டில் பிரின்ட் ஜன்னலின் மேம்பட்ட அமைப்பில் "படமாக அச்சிடு" என்பதை டிக் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வரும். பிரின்டர் மினுக்கிக்கொண்டே நின்றால் தாள் அளவைப் பாருங்கள். கோப்பு லெட்டர் அளவில் இருக்கும், தட்டில் இருப்பது ஏ4. அது இல்லாத தாளுக்காகக் காத்திருக்கிறது. அதைப் போய்த் தட்டுவதும் உலுக்குவதும் வேண்டாம்.

## படிப்பறையும் இருக்கையும்

பதிவு செய்த அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள். சண்டைக்குப் போகும் முன் உங்கள் பதிவின் தேதி, மாடி, அறை எண் பாருங்கள். பல நூலகங்களில் வந்து சேர்ந்ததைக் குறிக்காவிட்டால் சிறிது நேரத்தில் பதிவு தானாக ரத்தாகிவிடும். அவர்கள் முறைப்படி எடுத்திருக்கலாம். அப்படி இல்லை, பேசியும் எழவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், எழுப்புவது எங்கள் வேலை.

அட்டை போட்டால் கதவு திறக்கவில்லை. போன் உறையிலிருந்து அட்டையை எடுத்துத் தனியாக வைத்துப் பாருங்கள். உறைக்குள் இன்னொரு சிப் அட்டை இருந்தால் இரண்டும் மோதும். நேற்றுதான் புது அட்டை வாங்கினீர்கள் என்றால் கணக்கில் இன்னும் பழைய எண் இருக்கும். கவுன்டரில் மாற்றித் தருவோம். பாக்கி அபராதம் இருந்தாலும் சில இடங்களில் கதவு மறுக்கும். யாருடைய அட்டைக்கும் திறக்கவில்லை என்றால் பூட்டின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைகிறது. அசைவு உணரி. நீங்கள் அவ்வளவு அசையாமல் படிக்கிறீர்கள்! கையை ஆட்டுங்கள்.

மேசைப் பிளக்கில் மின்சாரம் இல்லை. சுவிட்ச், பிறகு பக்கத்து மேசை. வரிசை முழுவதும் இல்லை என்றால் எங்கோ டிரிப் ஆகியிருக்கிறது. பெட்டியைத் திறக்காதீர்கள், கருகல் வாடை வந்தால் உடனே விலகிச் சொல்லுங்கள்.

எடுரோம் வைஃபை இங்கே வேலை செய்கிறது, வெளியூரில் இல்லை. பயனர்பெயரில் அட் குறியும் நிறுவனத்தின் பெயரும் சேர்க்காமல் வைத்திருப்பீர்கள். சொந்த வளாகத்தில் அது இல்லாமலும் சில நேரம் ஓடிவிடும், வெளியே ஓடாது. பயணத்துக்கு முந்தைய நாளே முழுப் பெயரோடு ஒரு தடவை இணைத்துப் பாருங்கள்.

## திடீரென்று வளாகம் முழுவதற்கும் ஓர் இதழ்த் தளம் அடைபட்டது

பதிப்பகத்தின் சேவையகம் படுத்திருக்கலாம், ஓரிரு மணி நேரத்தில் தானே வந்துவிடும். வராவிட்டால் வழக்கமான காரணம் ஒன்று உண்டு: யாரோ ஒருவர் ஓர் இதழின் எல்லா ஆண்டுகளையும் நிரல் எழுதி ஒரே மூச்சில் இறக்கியிருப்பார். பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டு என்று பார்த்து முகவரியையே அடைத்துவிடும், கூடவே மற்ற அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். மேற்கோள் மென்பொருளில் நூற்றுக்கணக்கான பதிவுகளுக்கு ஒரே சொடுக்கில் பிடிஎஃப் தேடச் சொன்னாலும் இது நடக்கலாம். அது நீங்கள்தான் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பதிப்பகத்தோடு பேசித் திறப்பது எளிது, தெரியாவிட்டால் நாள் கணக்கில் இழுக்கும். ஆய்வுக்கு நிஜமாகவே ஆயிரம் கட்டுரை வேண்டும் என்றால் உரைத்தரவு ஆய்வுக்குத் தனி வழி கேட்டு வாங்கலாம். முதலிலேயே வந்து பேசுங்கள்.

## எங்களுக்கு எழுதும்போது

"ஒண்ணுமே ஓப்பன் ஆகல, அர்ஜென்ட்" என்று வரும் மின்னஞ்சலுக்கு நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் எப்போதும் இவைதான்: என்ன தலைப்பு அல்லது டிஓஐ, எந்த இணைப்பிலிருந்து போனீர்கள், எங்கே இருந்தீர்கள், எத்தனை மணிக்கு, தனிமறை ஜன்னலில் என்ன ஆயிற்று. ஐந்தையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டால் ஒரு நாள் மிச்சம். திரையைப் படம்பிடிக்கும்போது மேலே முகவரிப் பட்டையும் சேர்ந்து வரட்டும். பிழைச் செய்தியை மட்டும் அழகாக வெட்டி அனுப்புகிறார்கள், எனக்கு வேண்டியது வெட்டிப் போட்ட அந்த மேல் வரிதான். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது எழுதுகிறார். பதிலில் நான் முதலில் சொல்வது, போய் அதை மாற்றுங்கள் என்பதுதான்.